எல்லா மேஜையிலும் சாப்பிட்டவன்

குளிரைப் பற்றித்தான் எல்லாரும் கேட்டார்கள். இங்கிலாந்துக்குப் போகிறாயே, தாங்குவாயா என்று கோயமுத்தூர் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஸ்வெட்டர் கொடுத்தார்கள். ஊட்டி காந்தலில் பிறந்தவளுக்குக் குளிர் ஒரு விஷயமா? டிசம்பர் காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் பயமெல்லாம் வேறு. அங்கே போய் என்ன வேலை செய்யப்போகிறேன் என்பது தெரியாமல்தான் விமானம் ஏறினேன்.

என் வீட்டுக்காரர் ஊட்டியில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். வட இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில் இருந்த இந்திய உணவகம் அவரை வேலைக்கு எடுத்தது. அவரோடு நானும் போனேன். குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், அங்கே ஒரு கால்பந்து கிளப்பின் கேண்டீனில் தட்டு கழுவச் சேர்ந்தேன்.

கேண்டீன் ஊருக்கு வெளியே, பயிற்சி மைதானத்தை ஒட்டி இருந்தது. மேட்ச் நடக்கும் ஸ்டேடியம் வேறு. வாரநாட்களில் வீரர்கள் காலையில் பயிற்சி முடித்துவிட்டு மதியம் இங்கே சாப்பிட வருவார்கள். வேகவைத்த கோழி, பாஸ்தா, உப்பு காரம் எதுவும் தெரியாத காய்கறி. முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் ஒவ்வொரு மேஜையும் ஒரு கூட்டத்துக்குச் சொந்தம். கோல்கீப்பர்கள் ஜன்னலோரம். பின்னால் நின்று தடுக்கிறவர்கள் கதவுக்குப் பக்கத்து நீள மேஜை. நடுவில் ஆடுகிறவர்கள் அதற்கடுத்து. கோல் அடிக்கிறவர்கள் டிவிக்கு முன்னால், சத்தமும் அங்கேதான் அதிகம். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று தானாகப் பிரிந்து உட்கார்வதுபோல.

டிவி மேஜையின் கடைசி நாற்காலியில் ஒரு பையன் உட்காருவான். பதினேழு வயது. மெலிந்த உடம்பு, குளிரில் சிவந்த காது. சிறுவர் அணியில் நிறைய கோல் அடித்ததால் பெரிய அணிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சாப்பிட்ட தட்டைத் தானே கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு நன்றி சொல்வான். அதனால் முகம் பழகியிருந்தது.

ஒருநாள் மதியம் அவன் நிறைந்த தட்டோடு நடு ஹாலில் நின்றுகொண்டிருந்தான். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. நான் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் எனக்கு எல்லாம் என் பாஷையில்தான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"என்ன தம்பி, இடமில்லையா?" என்றேன்.

"இடமிருக்கு. இன்னைக்கு நான் எந்த ஆளுன்னுதான் தெரியல."

அன்று காலையில் வலது பின்புறம் ஆடுகிற மூத்தவருக்கு முழங்கால் போய்விட்டதாம். மேனேஜர் சுற்றிலும் பார்த்துவிட்டு இவனை அந்த இடத்தில் நிறுத்தினாராம். டிவி மேஜைக்குப் போனால், புது இடம் பிடிக்காமல் முறைத்துக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைப்பார்கள். கதவு மேஜைக்குப் போனால், அடிபட்டவர் நாற்காலிக்கு அதற்குள் ஆள் வந்துவிட்டது என்று இருக்கும். இதையெல்லாம் அவன் தட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னான்.

"அப்ப இங்க உக்காரு கண்ணு," என்று சமையலறைக்காரர்கள் சாப்பிடும் சின்ன மேஜையைக் காட்டினேன்.

நான் கொண்டுபோயிருந்தது எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். அவன் என் டப்பாவையே பார்த்தான். ஒரு கரண்டி வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கு சிவந்தது, இன்னொரு கரண்டி கேட்டான். கூட வேலை செய்த கேரளத்துப் பெண் என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அன்றிலிருந்து அவனும் அப்படியே கூப்பிட்டான். அவன் வாயில் அது "அக்கர்" என்று வரும். எனக்கு அவன் தம்பி.

அந்த மேஜையில் அவன் நிரந்தரமாக இருக்கவில்லை. இரண்டு வாரத்தில் கதவு மேஜையில் அவனுக்கு இடம் கொடுத்தார்கள். அங்கே பழகுவதற்குள் நடுவில் ஆடுகிறவர் ஒருவருக்குக் காய்ச்சல், அங்கே போனான். பிறகு இடது ஓரம். பிறகு இன்னும் பின்னால், இரண்டு மலைபோன்ற ஆட்களுக்கு நடுவில். மறுபடியும் முன்னால். அவன் தட்டை எந்தப் பக்கம் எடுத்துப் போகிறான் என்று பார்த்தாலே சனிக்கிழமை மேட்சில் எங்கே ஆடுவான் என்று வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரரின் உணவகத்துக்கு வரும் கிளப் ரசிகர்கள், "உன் மனைவி அங்கேதானே வேலை செய்கிறாள், கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்" என்று அவரைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அவரும் வந்து கேட்பார். நான் வாயைத் திறந்ததில்லை.

காந்தலில் பந்து உதைக்காத வீடு கிடையாது. என் அண்ணன்மார் இரண்டு பேரும் மைதானமே கதி என்று கிடந்தவர்கள். ஆனால் நான் அந்த மைதானத்தைத் தாண்டிப் போவேனே தவிர, நின்று பார்த்தவள் இல்லை. முதன்முதலாக ஒரு முழு ஆட்டம் பார்த்தது இங்கிலாந்தில்தான். வேலைக்காரர்களுக்குக் கிளப்பில் டிக்கெட் கொடுத்தார்கள். அன்று தம்பி இடது பின்புறம். அவன் வலதுகால்காரன். பந்து வரும்போதெல்லாம் ஒரு சுற்றுத் திரும்பி வலது காலுக்குக் கொண்டுவந்துதான் அடிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு சுற்றுக்குள் எதிரணி ஆள் வந்துவிடுவான். எனக்குப் பின்வரிசையில் இருந்தவர் தொண்டை கிழியக் கத்தினார். "இவனுக்கு எதுவுமே முழுசாத் தெரியாது!" என் சொந்தக்காரனைத் திட்டியதுபோல எனக்குக் காது சுட்டது. திரும்பிப் பார்த்து முறைத்தேன். அவர் என்னைப் பார்த்துத் தொப்பியை எடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த நிமிஷமே மறுபடி கத்தினார்.

ஜனங்கள் தன்னை இப்படிச் சொல்வது அவனுக்கும் தெரியும். ஒருமுறை அணிக்குப் புதிதாகக் கோல் அடிக்கிற ஒருவரை வாங்கினார்கள். மேனேஜர் தம்பியைக் கூப்பிட்டு, இனி நீ முன்னால் ஆடுவதற்கு வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார். அன்று சின்ன மேஜைக்கு வந்து உட்கார்ந்து கோழியைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"ஒரே இடத்துல ஆடறவங்களத்தான் ஜனங்க ஞாபகம் வெச்சுக்குவாங்க அக்கா. என்னை என்னன்னு சொல்லி ஞாபகம் வெப்பாங்க?"

ஃப்ளாஸ்கில் ரசம் இருந்தது, ஊற்றிக் கொடுத்தேன். குடித்தான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே என்று வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டேன்.

அவன் கேள்விக்குப் பதில் வேறு விதமாக வந்தது. அந்த வசந்த காலத்தில் ஒரு மேட்சில் எங்கள் கோல்கீப்பரை ரெஃப்ரி வெளியே அனுப்பிவிட்டார். மாற்று ஆட்களையெல்லாம் அதற்கு முன்பே இறக்கியாகிவிட்டது. யாராவது ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு கோலில் நின்றாக வேண்டும். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தம்பி போய் கோல்கீப்பரின் பெரிய சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டான். தொடை வரை தொங்கியது. ஸ்டேடியம் முழுக்கச் சிரித்தது. முதல் பந்து அவனைத் தாண்டி உள்ளே போனது. இரண்டாவதை எப்படியோ முகத்தால் தடுத்தான். மூக்கில் ரத்தத்தோடு எழுந்து நின்றபோது எழுந்த சத்தத்தை நான் அதற்குப் பிறகு எங்கேயும் கேட்டதில்லை. என் பின்வரிசைத் தொப்பிக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "நம்ம பையன், நம்ம பையன்!" என்று அழுதார். மேட்சில் தோற்றோம். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஊரில் அவனைத் திட்டியவர்கள் குறைவு. அவனுக்கென்று ஒரு பாட்டே கட்டினார்கள். அவன் ஆடிய இடங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி, கடைசியில் "பஸ்ஸையும் அவனே ஓட்டுவான்" என்று முடியும்.

திங்கட்கிழமை வீங்கிய மூக்கோடு சாப்பிட வந்தான். கோல்கீப்பர் மேஜைக்காரர்கள் மூன்று பேரும் எழுந்து நின்று, ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அன்று அவன் அங்கேதான் சாப்பிட்டான்.

நாங்கள் அங்கே போன ஆறாவது வருஷம் அந்த மதியம் வந்தது. சாப்பாட்டு நேரம், ஹால் நிறைய ஆள். என் போன் அடித்தது. உணவகத்து முதலாளி. என் வீட்டுக்காரர் அடுப்புக்கு முன்னால் மயங்கி விழுந்துவிட்டார், மாரடைப்பாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தம்பி எப்போது பக்கத்தில் வந்தான் என்று தெரியாது. என் கையிலிருந்து போனை வாங்கி அவனே பேசினான். ஏப்ரனை அவிழ்க்கச் சொன்னான். அவனுடைய சின்னக் காரில், பயிற்சிச் சேறு அப்பிய ஷூவை என் காலடியிலிருந்து ஒதுக்கிவிட்டு என்னை உட்காரவைத்தான்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடியும்வரை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்கிறாய் என்று கேட்டான். எங்கள் ஊரில் ஒரு மலைக் கோயில் இருக்கிறது, அந்தச் சாமியைக் கூப்பிடுகிறேன் என்றேன். "இவ்வளவு தூரம் கேக்குமா?" என்றான். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான். கேட்கும் என்றேன். சரி என்று தலையாட்டினான்.

அதற்குப் பிறகு மூன்று வாரம், தினமும் பயிற்சி முடிந்ததும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், திரும்ப வீட்டில் விட்டான். ஒரு சனிக்கிழமை மேட்ச் முடிந்து குளித்தும் குளிக்காமலும் வந்தான். காது மடலுக்குப் பின்னால் சேறு காய்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் படுத்தபடியே அதைப் பார்த்துச் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல்முறை. மறுநாள் தம்பி ஒரு சின்ன ரேடியோ கொண்டுவந்து கட்டிலருகே வைத்தான். மேட்ச் வர்ணனை கேட்பதற்கு. அதுவரை கால்பந்து என்றால் உணவகத்துக்கு வருகிறவர்கள் பேசுகிற ஒன்று என்று மட்டும் அறிந்திருந்தவர் என் வீட்டுக்காரர். பாதி புரியாத அந்த வர்ணனையில் தம்பி பெயர் வரும் இடத்துக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார்.

உடம்பு தேறியும் அவரால் பழையபடி பன்னிரண்டு மணி நேரம் அடுப்பில் நிற்க முடியவில்லை. இரண்டு வருஷம் ஓட்டினோம். ஒருநாள் சொன்னார். "ஏ புள்ள, ஊட்டுக்குப் போயிரலாமா? நம்ம ஊர்ல ஒரு சின்ன மெஸ் போட்டுக்கலாம். எனக்கு முடிஞ்சப்ப நான் ஆக்கறேன், முடியாதப்ப நீ ஆக்கு."

கிளம்புகிற அன்று தம்பிதான் ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டான். பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, ரயில் பெட்டியின் ஜன்னலைத் தட்டிக்கொண்டே நின்றான்.

ஊட்டி காய்கறி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மெஸ் போட்டோம். கேரட் மூட்டை இறக்குகிறவர்கள், லாரி டிரைவர்கள், மார்க்கெட்டுக்கு வரும் விவசாயிகள் என்று ஆட்கள் பழகினார்கள். சுவரில் ஒரு டிவி. அங்கே மதிய மேட்ச் என்றால் இங்கே மாலை டிபன் நேரம். எங்கள் கிளப் மேல்வரிசை லீகுக்கு ஏறிய வருஷங்களில் டிவியில் காட்டினார்கள். கீழே இறங்கிய வருஷங்களில் தம்பியே மேட்ச் முடிந்ததும் போனில் ஒரு வரி அனுப்புவான்: எங்கே ஆடினான், என்ன ஆனது. என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு மெஸ்ஸில் இருப்பவர்களுக்கு அறிவிப்பார்.

இத்தலாரிலிருந்து வாரம் இரண்டு தடவை உருளைக்கிழங்கு கொண்டுவரும் விவசாயி ஒருவர், டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏனுங்க, போன வாரம் இந்த ஆளு பின்னால நின்னாரு, இன்னைக்கு நடுவால நிக்கறாரு. இவுரு எந்த எடமுங்க?"

"எது காலியா இருக்குதோ அது அவனுக்குங்க," என்றார் என் வீட்டுக்காரர். தன் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

நடுவில் ஒரு பெரிய கிளப் அவனைக் கேட்டது. பத்திரிகையில் வந்தது. போகப்போகிறான் என்று நான் நினைத்தேன். போனில் கேட்டேன்.

"அங்க பெஞ்சில உக்கார ஆள் வேணும்னு கேட்டாங்க அக்கா. யாராச்சும் விழுந்தா எறங்கறதுக்கு. இங்கயும் அதேதான் பண்றேன், ஆனா இங்க தினமும் யாராச்சும் விழறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். போகவில்லை.

முப்பத்தைந்து வயதில் நிறுத்தப்போவதாக அறிவித்தான். கடைசி ஆட்டம் எங்களுக்குச் சனிக்கிழமை மாலை. மெஸ்ஸில் நிற்க இடமில்லை. தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் போய்விட்டது, அரை மணிக்கு மேல் ஓட முடியாது. கடைசிப் பத்து நிமிஷத்துக்கு அவனை இறக்கினார்கள். எங்கே போகிறான் என்று எல்லாரும் பார்த்தோம். முன்னால் போனான், கோல் அடிக்கிற இடத்துக்கு. சின்னப் பையனாக அவன் வந்து சேர்ந்த இடம்.

சினிமாவாக இருந்தால் கோல் அடித்திருப்பான். அடிக்கவில்லை. ஒருமுறை பந்து காலடியில் வந்தது, வானத்துக்கு அடித்தான். இரண்டு முறை ஆஃப்சைடு. ஆனால் ஒரு பந்துக்காக ஐம்பது அடி ஓடி, தடுப்புப் பலகையில் மோதி விழுந்து, எழுந்து சிரித்தான். ஸ்டேடியம் முழுக்க அந்தப் பாட்டைப் பாடியது. உருளைக்கிழங்கு விவசாயி எழுந்து நின்று கைதட்டினார். எங்கள் மெஸ்ஸுக்கு வந்திருந்தவர்களுக்குப் பாட்டு தெரியாது. ஆனால் என் வீட்டுக்காரர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வாயசைத்தார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

போன வருஷம் ஊட்டி சீசன் முடிந்து கூட்டம் குறைந்திருந்தபோது மனைவியையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு வந்தான். குன்னூரில் தங்கினார்கள். மலை ரயிலில் ஊட்டிக்கு வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்தே எங்கள் மெஸ்ஸுக்கு வந்தான். லேசாகக் கால் இழுத்து நடந்தான். முடி முன்னால் உதிர்ந்திருந்தது. "அக்கர்" மட்டும் மாறவில்லை. குழந்தை பேக்கரியில் சுட்ட மொறுமொறு ஊட்டி வர்க்கியை டீயில் நனைத்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டு, சாப்பாட்டையே மறுத்துவிட்டது. அவன் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு, "உங்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்கே ரசம் வைக்க வருகிறது" என்றாள்.

மறுநாள் எல்லாரையும் அவலாஞ்சிக்குக் கூட்டிப்போனோம். அணைத் தண்ணீர் மேல் மூடுபனி விட்டு விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அவன் மனைவியும் குழந்தையும் கரையோரம் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒரு சரிவில் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரருக்கு வருஷக்கணக்காக ஒரு பாரம். நன்றி சொல்ல வேண்டும். போனில் சொல்வது சரியில்லை என்று வைத்திருந்தார். முதல் நாள் இரவே இங்கிலீஷில் வாக்கியம் அமைத்து என்னிடம் ஒப்பித்துப் பார்த்தார். ஆனால் சொல்ல ஆரம்பித்ததும் தமிழ்தான் வந்தது.

"அன்னைக்கு நீ வண்டியெடுக்கலீன்னா இவ என்ன பண்ணியிருப்பாளோ தெரியாது சாமி. என்ற உசுரு போயிருந்தாலும் பரவால்ல, இவ தனியா நின்னிருப்பா."

நான் மொழிபெயர்த்தேன்.

"அந்த வாரம்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்," என்றான் தம்பி. "சீசன் முடிஞ்சதும் உன்னை வெச்சுக்கப் போறதில்ல, வேற கிளப் பாத்துக்கன்னு. எல்லா எடத்துலயும் ஆடறவனுக்கு ஒரு எடமும் சொந்தமில்லன்னு சொன்னார். நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எங்க அம்மாகிட்டகூட. கேண்டீன்ல உக்காந்திருந்தேன், சோறு எறங்கல. அப்பத்தான் உங்க போன் அடிச்சுது."

எனக்கு இது புதிது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவன் சொன்னதில்லை.

"வெளிய போனா எல்லாரும் ஆட்டத்தைப் பத்தித்தான் பேசுவாங்க. ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கும் நான் யாருன்னு தெரியாது. நீங்க தினமும் கேட்டது ஒண்ணுதான், சாப்பிட்டியான்னு. அந்த மூணு வாரம் நான் உங்களுக்காக மட்டும் வரல அக்கா. எனக்குப் போக வேற எடம் இல்ல."

அந்தக் கோடையில் மேனேஜர் மாறிவிட்டார் என்றும், புதிதாக வந்தவர் முதல் நாளே இவன் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் என்றும் பிறகு சொன்னான். நான் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரருக்குத் தமிழில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே வார்டுலதான் இருந்திருக்கோம்னு சொல்லு," என்றார்.

சொன்னேன். தம்பி சிரித்த சிரிப்பில் கரையோரம் இருந்த குழந்தை திரும்பிப் பார்த்தது.

அவன் எங்களுக்கு ஒத்தாசை செய்தான் என்று மட்டும் நினைத்து இத்தனை வருஷம் சாமி கும்பிட்டிருக்கிறேன். நாங்களும் அவனுக்கு ஏதோ செய்திருக்கிறோம், அதுவும் தெரியாமலேயே, என்பது எனக்கு ஒரு பெரிய நிம்மதி. அந்த ஊருக்கும், தட்டு கழுவிய அந்தத் தொட்டிக்கும்கூட மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அடுத்த நாள் காலையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினார்கள். நாங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் குழந்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தது.

"அக்கா, மலை எறங்க எறங்க இவளுக்குக் காது அடைச்சுக்குது. என்ன பண்றது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, இந்த முறை சுத்தமான இங்கிலீஷிலேயே சொன்னார். எச்சிலை முழுங்கச் சொல்லு, இல்லாவிட்டால் ஒரு வர்க்கியைக் கையில் கொடு, சரியாகிவிடும் என்று.